உச்சியில் விலை தயங்கும்போது...
பங்குச் சந்தை வரைபடம் காட்டும் இறங்குமுகக் குறிகள்

சரக்கு வாங்குவதில் நம்மில் யாரும் ஏமாளிகள் அல்ல. மண்டிக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்திலேயே, வற்றல் மிளகாய் இனி ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடுகிறோம். வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று பார்க்கிறோம். நேற்று வரை முகம் கொடுத்துப் பேசாத மண்டிக்காரர் இன்று எழுந்து வந்து, "எத்தனை மூட்டை வேணும் அண்ணாச்சி?" என்று கேட்டால் புரிந்துகொள்கிறோம். காலையில் சொன்ன விலையை மதியம் அவரே குறைத்தால், மறுபேச்சில்லாமல் கொள்முதலைப் பாதியாக்கிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறோம்.

இந்தப் புத்தியெல்லாம் பங்குச் சந்தை என்று வந்துவிட்டால் எங்கே போய்விடுகிறது? விலை ஏறிக்கொண்டே இருக்கும் பங்கை வாங்குகிறோம். அது தயங்கும்போது கவனிப்பதில்லை. இறங்கும்போது, "ஏறிவிடும்" என்று காத்திருக்கிறோம். பாதியாகக் குறைந்த பிறகு பயந்துபோய் விற்கிறோம். மிளகாய் வியாபாரத்தில் இப்படி நடந்துகொண்டால் ஒரே வருடத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நம் சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்கிறோம். பெயர் வேண்டாம். அவரே, "நாலு பேருக்குப் பயன்படும் என்றால் எழுதுங்கள்" என்று சொன்னதால் எழுதுகிறோம்.

2020-ஆம் ஆண்டு பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு அவரிடம் நல்ல ரொக்கம் சேர்ந்திருந்தது. பருப்பு மில்லுக்கும் எண்ணெய் ஏஜென்சிக்கும் மார்ச் கடைசியில் கொடுக்க வேண்டிய பணம் அது. இரண்டு மாதம் சும்மா கிடப்பானேன் என்று பங்குகளில் போட்டார். பிப்ரவரி முதல் தேதி சந்தை விழுந்தது. பத்து நாளில் மீண்டது. அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்சம் போட்டார். மாதக் கடைசியில் மறுபடி விழுந்தது. "வாங்கிய விலைக்குக் கீழே விற்பதா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அவர் கடையில் சரக்கில்லை. மண்டியில், "ரொக்கம் வைத்தால் சரக்கு" என்றார்கள். கையில் ரொக்கமில்லை. வேறு வழியின்றி, சந்தை அடிமட்டத்தில் இருந்த அந்த நாட்களில் பங்குகளைக் கிடைத்த விலைக்கு விற்றார். போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. வாழ்நாளில் ஒருமுறை வரக்கூடிய வியாபாரமும் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

அந்த இரண்டு மாதத்தில் சந்தை அவருக்கு ஒன்றுக்கு மூன்று முறை மணி அடித்திருந்தது. அந்த மணியைக் கேட்பது எப்படி, கேட்டால் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் இக்கட்டுரை.

அரிசிக் கடையில் பிறந்த கலை

விலையைப் படமாக வரைந்து படிப்பது ஏதோ பம்பாய்த் தரகர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். இன்று உலகமெங்கும் பயன்படும் 'மெழுகுவர்த்தி'ப் படம் ஜப்பானின் அரிசி வியாபாரத்திலிருந்து வந்தது. ஒசாகா நகரின் டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ல் அரசின் அங்கீகாரம் கிடைத்தது. குடோனில் இருக்கும் அரிசிக்கான சீட்டுகளும், பிற்பாடு தீர்க்கும் ஒப்பந்தங்களும் அங்கே கைமாறின. அதே நூற்றாண்டில் சகாட்டா என்ற துறைமுக ஊரில் வாழ்ந்த ஹோம்மா முனேஹிசா என்ற அரிசி வியாபாரி, விலையின் போக்கையும் வியாபாரிகளின் மனப்போக்கையும் சேர்த்துப் படித்ததில் பேர்பெற்றவர். மெழுகுவர்த்திப் படத்தை அவர் பெயரோடு இணைத்துச் சொல்வது வழக்கம்; ஆனால் படத்தின் இன்றைய வடிவம் அவருக்குப் பின்னர்தான் உருவானது என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. 1991-ல் அமெரிக்கரான ஸ்டீவ் நிசன் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்குப் பிறகு மற்ற நாடுகளுக்கும் இம்முறை பரவியது.

ஆக, இது நம்மைப் போன்ற தானிய வியாபாரிகளின் கலை. நமக்குப் புரியாமல் போக நியாயமில்லை.

ஒரு மெழுகுவர்த்தியைப் படிக்கும் விதம்

ஒரு நாளைக்கு நான்கு விலை உண்டு: தொடக்க விலை, அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, முடிவு விலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ளதைக் கட்டமாக வரைவார்கள். அது மெழுகுவர்த்தியின் உடல். அதற்கு மேலே அதிகபட்ச விலை வரையிலும், கீழே குறைந்தபட்ச விலை வரையிலும் மெல்லிய கோடு இழுப்பார்கள். அது திரி. தொடக்கத்தைவிட முடிவு அதிகமானால் உடல் பச்சை அல்லது வெள்ளை. முடிவு குறைவானால் சிவப்பு அல்லது கறுப்பு.

தனியாவை வைத்துப் பார்ப்போம். காலையில் மூட்டை 4,000 ரூபாய்க்குத் திறந்தது. பதினோரு மணிக்கு 4,300 வரை போனது. மாலையில் 3,950-ல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். உடல் சிறியது, சிவப்பு. மேல் திரி மிக நீளம். 4,300 கொடுத்து வாங்கியவர் இருந்தார், ஆனால் அந்த விலையில் விற்கக் காத்திருந்தவர் அவரைவிட அதிகம் என்பதே இதன் பொருள். பேரேட்டில் முடிவு விலையை மட்டும் எழுதியிருந்தால் 50 ரூபாய் இறக்கம்தான் தெரியும். படத்தில் அன்றைய போட்டி முழுவதும் தெரிகிறது.

உச்சியில் தோன்றும் நான்கு குறிகள்

முதலில் ஒரு நிபந்தனை. கீழ்க்கண்ட குறிகளுக்கு, விலை சில வாரங்களாவது தொடர்ந்து ஏறிவந்த பிறகு தோன்றினால்தான் மதிப்பு. ஏற்றம் இல்லாத இடத்தில் திருப்பம் ஏது?

1. எரிநட்சத்திரம்: மேலே சொன்ன தனியாவின் படம் இதற்கு உதாரணம். சிறிய உடல் கீழே. உடலைப் போல் இரண்டு மடங்காவது நீளமான திரி மேலே. கீழ்த் திரி இல்லை, அல்லது மிகச் சிறியது. மேலே ஏற முயன்று துரத்தப்பட்டதைக் காட்டுகிறது.

2. விழுங்கும் சிவப்பு: முதல் நாள் சிறிய பச்சை உடல். மறுநாள் அதற்கு மேலே திறந்து, அதன் தொடக்கத்துக்கும் கீழே முடிகிறது. நேற்றைய ஏற்றத்தை இன்றைய விற்பனை முழுதாக விழுங்கிவிட்டது.

3. கருமேகம்: முதல் நாள் நீளமான பச்சை உடல். மறுநாள் முந்தைய உச்சத்துக்கு மேலே உற்சாகமாகத் திறந்து, பச்சை உடலின் பாதிக்கும் கீழே இறங்கி முடிகிறது. வெயிலை மேகம் மறைப்பது போன்றது. மேகம் வந்த இடமெல்லாம் மழை பெய்யாது. ஆனாலும் மூட்டையை வெளியே காயப்போட மாட்டோம் அல்லவா?

4. மாலை நட்சத்திரம்: மூன்று நாள் கதை. முதல் நாள் பெரிய பச்சை; இரண்டாம் நாள் உச்சியில் தயங்கும் சிறிய உடல்; மூன்றாம் நாள் முதல் நாளின் பாதிக்கும் கீழே இறங்கும் பெரிய சிவப்பு. வாங்குவோர் களைத்து, விற்போர் கை ஓங்குவதைப் படிப்படியாகக் காட்டுகிறது.

இவை ஓரிரு நாளில் தோன்றுபவை. பல வாரம் எடுத்து உருவாகும் பெரிய உருவங்களும் உண்டு. ஒரே உயரத்தை இரண்டு முறை தொட்டுத் தாண்ட முடியாமல் திரும்புவது இரட்டை உச்சி. நடுவில் உயரமாகவும் இரு பக்கமும் தாழ்வாகவும் மூன்று உச்சிகள் வருவது தலை-தோள். இந்த உச்சிகளுக்கு இடையே உள்ள பள்ளங்களின் மட்டத்தை விலை கீழே உடைக்கும்போதுதான் உருவம் முழுமை பெறுகிறது. அதுவரை அது வெறும் சந்தேகம்தான்.

இவற்றோடு எத்தனை பங்குகள் கைமாறின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறும் நாட்களில் கைமாறிய பங்குகள் குறைந்தும், இறங்கும் நாளில் மிகுந்தும் இருந்தால் குறிக்கு வலு அதிகம்.

ஒரே உருவம், இரண்டு முடிவு

இனி நடந்ததைப் பார்ப்போம். எடுத்துக்கொள்வது மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு.

2020 ஜனவரி 17 வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் வெறும் 13 புள்ளி ஏறி 41,945-ல் முடிந்தது. ஜனவரி 20 திங்களன்று காலையிலேயே 42,273 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. அன்று மாலை 416 புள்ளி இறங்கி 41,528-ல் முடிந்தது. புதிய உச்சத்தைத் தொட்ட நாளிலேயே முந்தைய நாளை விழுங்கிய சிவப்பு. இது முதல் மணி.

பிப்ரவரி 1, மத்திய பட்ஜெட் நாளில் 988 புள்ளி விழுந்து 39,735-ல் முடிந்தது. பிறகு மீண்டது. பிப்ரவரி 12-ல் 41,565-ல் முடிந்தது. நம் நண்பர் கூடுதலாகப் பணம் போட்டது இந்த மீட்சியில்தான். ஆனால் கவனிக்க: ஜனவரி உச்சத்தை அது தொடவில்லை. முந்தைய உச்சியைவிடத் தாழ்ந்த உச்சி. இது இரண்டாவது மணி.

பிப்ரவரி 27-ல் முடிவு 39,745. பட்ஜெட் நாள் பள்ளத்துக்கு நூலிழை மேலே. மறுநாள் 28-ஆம் தேதி 1,448 புள்ளி விழுந்து 38,297. பள்ளம் உடைந்தது. தாழ்ந்த உச்சி, அதையடுத்துத் தாழ்ந்த பள்ளம். இறங்குமுகம் உறுதியாயிற்று. இது மூன்றாவது மணி. அதன் பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்து 25,981-ல் முடிந்தது.

"பார்த்தீர்களா, ஜனவரி 20-லேயே விற்றிருக்கலாமே" என்று சொல்வது சுலபம். அவசரப்பட வேண்டாம். அதே ஆண்டின் இன்னொரு நாளையும் பாருங்கள்.

2020 டிசம்பர் 21. அதற்குள் சந்தை முழுதும் மீண்டு, புதிய உயரங்களில் இருந்தது. அன்று பகலில் சென்செக்ஸ் 47,055 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. இங்கிலாந்தில் புதுவகைக் கொரோனா பரவுகிறது என்ற செய்தி வந்ததும் சரிந்து, 1,406 புள்ளி இறக்கத்தில் 45,553-ல் முடிந்தது. ஜனவரியில் வந்ததுபோல் மூன்று மடங்குக்கு மேலான வீழ்ச்சி. பார்க்கவே பயங்கரமான சிவப்பு. ஆனால் ஒரே வாரத்தில், டிசம்பர் 28-ல், 47,353-ல் முடிந்து அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டது. அன்று பயந்து எல்லாவற்றையும் விற்றவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

416 புள்ளி இறக்கம் மெய்யாயிற்று. 1,406 புள்ளி இறக்கம் பொய்யாயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே. சிவப்பின் நீளம் முடிவைச் சொல்வதில்லை. அதற்கடுத்த மீட்சி எதுவரை வருகிறது என்பதே சொல்கிறது. மீட்சி பழைய உச்சியைத் தாண்டினால் குறி ரத்து. தாண்டாமல் திரும்பி, முந்தைய பள்ளத்தையும் உடைத்தால் குறி உறுதி.

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எந்தப் படமும் ஜனவரியில் தொற்றுநோயை முன்கூட்டி அறிந்துவிடவில்லை. விலை ஏன் இறங்கும் என்பதைப் படம் சொல்லாது. இந்த விலையில் விற்பவர் அதிகம், வாங்குபவர் குறைவு என்று மட்டுமே சொல்லும். மண்டிக்காரர் எழுந்து வந்து கூப்பிட்டால், காரணம் தெரியாவிட்டாலும் நாம் உஷாராவதில்லையா? அதுபோலத்தான்.

பொறுத்திருந்து விற்றால் நஷ்டம் அதிகமாகாதா?

உறுதியாகும்வரை பொறுத்தால் உச்ச விலை கிடைக்காது. உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஜனவரி உச்சத்தில் ரூ.1 லட்சம் மதிப்புள்ள பங்குகள் ஒருவரிடம் இருந்து, அவை சென்செக்ஸோடு சேர்ந்தே இறங்கியதாகக் கொள்வோம். பிப்ரவரி 28 முடிவில் அவற்றின் மதிப்பு ஏறக்குறைய ரூ.90,600. அதாவது ரூ.9,400 குறைவு. விற்காமல் மார்ச் 23 வரை இருந்தவருக்கு ஏறக்குறைய ரூ.61,500. அதாவது ரூ.38,500 குறைவு. ஆக, குறி உறுதியாகக் காத்திருந்ததற்குக் கொடுத்த கூலி ரூ.9,400. அது காப்பாற்றிக் கொடுத்தது ரூ.29,100.

நூற்றுக்கு 38 விழுந்த பங்கு, மீண்டும் 38 ஏறினால் பழைய இடத்துக்கு வராது. நூற்றுக்கு 61-க்கு மேல் ஏற வேண்டும். முதலைக் காப்பது லாபம் சம்பாதிப்பதைவிட முக்கியம் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இதுவே காரணம்.

சென்செக்ஸ் 2020 நவம்பரிலேயே 42,500-ஐத் தாண்டிவிட்டது. எட்டு மாதம் காத்திருக்க முடிந்தவருக்குக் குறியீட்டளவில் நஷ்டமில்லை. நம் நண்பரால் காத்திருக்க முடியவில்லை. ஏனென்றால் அது மில்லுக்குத் தேதி குறித்து வைத்திருந்த பணம். அவரைச் சாய்த்தது வீழ்ச்சி பாதி, தவணை பாதி.

நமக்கான விதிகள்

ஒன்று: கடை முதலைத் தொடக் கூடாது. கொள்முதலுக்கும், வாடகைக்கும், ஆள் சம்பளத்துக்கும், வரிக்கும் உரிய பணம் பங்குச் சந்தைக்குப் போகவே கூடாது. குறைந்தது சில ஆண்டுகள் தேவைப்படாத உபரிப் பணம் மட்டுமே போகலாம்.

இரண்டு: வாங்கும் அன்றே விற்கும் விலையை எழுதி வையுங்கள். 'ஸ்டாப் லாஸ்' என்று தரகர்கள் சொல்வது இதைத்தான். முந்தைய பள்ளத்துக்குச் சற்றுக் கீழே அது இருக்கலாம். விலை விழுந்த பிறகு யோசித்தால் மனம் ஆயிரம் சமாதானம் சொல்லும். ஏட்டில் எழுதியது சமாதானம் சொல்லாது.

மூன்று: ஸ்டாப் லாஸ் போட்டாலும் அந்த விலையே கிடைக்கும் என்ற உத்தரவாதமில்லை. 2020 மார்ச் 23 காலையில் சந்தை ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 10 விழுந்து, 45 நிமிடம் வியாபாரமே நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் கேட்ட விலைக்கு ஆள் இருக்காது. ஆகையால் ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாதீர்கள்.

நான்கு: முதல் குறியைப் பார்த்ததும் புதிதாக வாங்குவதை நிறுத்துங்கள். தாழ்ந்த உச்சி தோன்றினால் ஒரு பகுதியை விற்றுக் கையைச் சுருக்குங்கள். பள்ளம் உடைந்தால், எழுதி வைத்தபடி வெளியேறுங்கள். ஒரே நாளில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற நிலைக்குப் போக வேண்டாம்.

ஐந்து: இறங்குமுகக் குறி தெரிகிறது என்பதற்காக, இறக்கத்தின் மேல் பந்தயம் கட்டாதீர்கள். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் இழுக்கும் ஆசை இதுதான். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இழந்தது ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். அவர்களிலும் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். குறியைக் கைப்பொருளைக் காக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆறு: செல்பேசியில் வரும் 'டிப்ஸ்' எதையும் நம்பி வாங்காதீர்கள். முகம் தெரியாதவர் சொன்னார் என்று ஒரு மூட்டை உளுந்து வாங்குவோமா?

படம் பார்க்கப் பழக, பணம் போட வேண்டியதில்லை. தெரிந்த நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கடை சாத்தும் நேரத்தில் அன்றைய நான்கு விலைகளையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஞாயிறுதோறும் உட்கார்ந்து மெழுகுவர்த்திகளாக வரையுங்கள். ஆறு மாதத்தில் எத்தனை குறி வந்தது, எத்தனை உறுதியாயிற்று, எத்தனை ரத்தாயிற்று என்று நீங்களே பாருங்கள். அந்த நோட்டு சொல்லிக்கொடுப்பதை எந்த வகுப்பும் சொல்லிக்கொடுக்காது.

நம் நண்பர் இப்போது அப்படியொரு நோட்டு வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் மில்லுக்கும் ஏஜென்சிக்கும் கொடுக்க வேண்டிய தொகையும் தேதியும் எழுதியிருக்கிறது. அது போக மிஞ்சிய பணத்துக்குத்தான் அடுத்த பக்கம். சென்ற மாதம் சங்கத்துக்கு வந்தபோது நோட்டை நம்மிடம் காட்டினார். ஒரு பங்கின் எதிரே விற்கும் விலையை எழுதி, சிவப்பு மையால் அடித்திருந்தார். "வித்தாச்சு அண்ணாச்சி, ஆயிரத்து நூறு நஷ்டம்" என்றார். சொன்னவர் முகத்தில் வருத்தம் இல்லை. மறுநாள் மண்டியில் துவரம்பருப்புக்கு ரொக்கம் எண்ணிக்கொண்டிருந்தார்.